சக்கர நாற்காலியில் அம்மா, குடும்பத்தோடு கப்பல் பயணம்: டிக்கெட் எடுக்கும் முன் படிக்க வேண்டியவை

"கப்பலில் எல்லா மாடிக்கும் லிப்ட் இருக்கிறது, அம்மாவைத் தாராளமாக அழைத்துப் போகலாம்" என்று பயண ஏஜென்ட் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. லிப்ட் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் லிப்டை விட்டு இறங்கி அறைக்குப் போனால் வாசலில் நாற்காலி நுழையாது. எப்படியோ நுழைத்துவிட்டாலும் குளியலறைக் கதவு உள்ளே விடாது. எங்களுக்கு முதலில் பதிவு செய்து கொடுக்கப்பட்ட அறை அப்படிப்பட்டதுதான். பணம் கட்டிய பிறகு அதை மாற்றுவதற்குப் பட்ட பாடு பெரிது. இந்தக் கட்டுரையை எழுத அதுவே காரணம்.

தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மலேசியா, தாய்லாந்து பக்கம் மூன்று முதல் ஐந்து இரவு வரை சுற்றித் திரும்பும் கப்பல்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்களோடு வருபவர் எழுந்து நிற்கச் சிரமப்படுபவர் அல்லது அறவே நடக்க முடியாதவர் என்று வைத்துக்கொள்கிறேன். குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். மே, ஜூன், டிசம்பர் விடுமுறைக் காலம் என்றால் இன்னும் முன்னதாக.

1. முதலில் நாற்காலியை அளந்து எழுதுங்கள்

ஒரு இஞ்ச் டேப்பை எடுங்கள். நாற்காலியின் மொத்த அகலம், கால் தாங்கியோடு சேர்த்து நீளம், மடித்த நிலையில் அகலம், எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். அகலத்தை இருக்கையில் அளக்கக் கூடாது. ஒரு பக்கச் சக்கரத்தின் வெளிவளையம் தொடங்கி மறுபக்கத்து வெளிவளையம் வரை அளக்க வேண்டும். 18 அங்குல இருக்கை கொண்ட சாதாரண நாற்காலிக்கு மொத்த அகலம் 25, 26 அங்குலம் வரும். கடைக்காரர் சொன்ன 18 என்ற எண்ணைப் படிவத்தில் எழுதிவிட்டுப் பிறகு வருந்துபவர்கள் நிறைய.

மின்சார நாற்காலி என்றால் பேட்டரி விவரமும் தேவை. பேட்டரியின் மேல் அதன் கொள்ளளவைக் காட்டும் வாட்-அவர் கணக்கு அச்சிடப்படவில்லை என்றால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 24 வோல்ட், 12 ஆம்பியர்-அவர் என்றால் 288. கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரியைக் கழற்றிக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அதற்கு உச்சவரம்பு 300 வாட்-அவர். இரண்டு பேட்டரி உள்ள நாற்காலியில் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். 24 வோல்ட், 20 ஆம்பியர்-அவர் கழற்று பேட்டரி வைத்திருந்தால் 480 வரும். அதோடு விமான நிலையத்துக்குப் போனால் தகராறுதான்.

அடுத்து, அம்மாவால் என்னென்ன முடியும் என்பதையும் அதே தாளில் உள்ளபடியே எழுதுங்கள். பிடித்துக்கொண்டு நிற்பாரா, நாலு அடி வைப்பாரா, படி ஏறுவாரா, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறுவாரா? நம் வீடுகளில் "கொஞ்சம் நடப்பார்" என்று சொல்லும் பழக்கம் உண்டு. அம்மாவின் காதில் விழும்படி வேறு எப்படிச் சொல்வது என்ற தயக்கம். பேச்சில் அந்தத் தயக்கம் இருக்கட்டும், படிவத்தில் வேண்டாம். அந்த ஒற்றைச் சொல்லால் விமானத்தின் படிக்கட்டு அடியில் நிற்க நேரும். ஆறாம் பகுதியில் அதைப் பார்ப்போம்.

2. அறை: அவசரப்படக் கூடாத ஒரே இடம்

பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான அறைகள் இருக்கும். சக்கர நாற்காலிக்கென்று கட்டப்பட்டவை சில டஜன் மட்டுமே. முதலில் விற்றுப்போவதும் அவைதான். "அக்ஸசிபிள் கேபின்" என்று கேளுங்கள். "பெரிய ரூம்", "பால்கனி ரூம்", "லிப்ட் பக்கத்து ரூம்" என்று கேட்டால் அதுதான் கிடைக்கும், அகலக் கதவு கிடைக்காது.

இதிலும் இரண்டு வகை உண்டு. சில நிறுவனங்கள் முழுவதும் நாற்காலியில் இருப்பவருக்கான அறை, கொஞ்சம் நடக்கக்கூடியவருக்கான அறை என்று பிரித்து வைத்திருக்கின்றன. இரண்டாவது வகையை "ஆம்புலேட்டரி" என்பார்கள். கைப்பிடிகள் இருக்கும், ஆனால் கதவோ நடமாடும் இடமோ நாற்காலிக்குப் போதாமல் போகலாம். பட்டியலில் சக்கர நாற்காலிப் படம் போட்டிருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் இந்தக் கேள்விகளை அனுப்புங்கள். போனில் கேட்டால் எல்லாவற்றுக்கும் "இருக்கிறது சார்" என்ற பதில்தான் வரும்.

அறைக்கதவின் அகலம் எத்தனை அங்குலம்? குளியலறைக் கதவு எத்தனை அங்குலம், வாசலில் மேடு உண்டா? நாற்காலியோடு உள்ளே போய்க் குளிக்கும்படி தரை சமமாக இருக்கிறதா? மடக்கும் இருக்கையும் கைப்பிடியும் உண்டா? கட்டிலின் உயரம் என்ன? கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே நாற்காலி போகுமா? பால்கனி என்றால் அதன் வாசலில் சரிவுப் பலகை உண்டா?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு சொல்கிறேன். ராயல் கரீபியன் நிறுவனம் தன் அக்ஸசிபிள் அறைகளுக்குக் குறைந்தது 32 அங்குலக் கதவும், நாற்காலி திரும்ப ஐந்தடிக்கு ஐந்தடி இடமும் என்று அறிவித்திருக்கிறது. வேறு நிறுவனத்தில் போனாலும் இந்த அளவை வைத்துக் கேளுங்கள். பதிலில் எண் இருக்க வேண்டும். "விசாலமாக இருக்கும்" என்று பதில் வந்தால் திரும்பக் கேளுங்கள்.

அறை எண்ணும், அது அக்ஸசிபிள் என்ற குறிப்பும் பதிவுச் சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். இதோடு முடிவதில்லை. சிறப்புத் தேவைகளுக்கான படிவம் ஒன்று தனியாக இருக்கும். அதை நிரப்பி அனுப்பி, கிடைத்தது என்ற பதிலை வாங்கி வைக்க வேண்டும். ஏஜென்ட் அனுப்பியிருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். குளிக்க ஸ்டூல், உயர்த்திய கழிப்பறை இருக்கை போன்றவை வேண்டுமானால் இந்தப் படிவத்தில்தான் கேட்க வேண்டும்; முன்கூட்டிக் கேட்டால் பல கப்பல்களில் கிடைக்கும்.

குடும்பம் எப்படிப் பிரிந்து தங்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இரவில் அம்மாவை எழுப்பிக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறவர் அதே அறையில் இருக்க வேண்டும். பக்கத்து அறையை மற்றவர்களுக்கு வாங்கி, அம்மாவின் அறைக்கு இன்னொரு சாவி அட்டை கேட்டுக்கொள்ளலாம். கப்பல் ஊழியர்கள் மிக அன்பாகப் பழகுவார்கள். ஆனால் தூக்கிவிடுவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது அவர்கள் வேலையில் சேராது. இந்த உழைப்பு முழுவதும் வீட்டில் ஒருவர் தலையில்தான், அநேகமாக ஒரு பெண் தலையில்தான், விழும். யார் எந்த நேரம் பார்ப்பது என்று ஊரிலேயே பேசி முடித்துவிட்டுப் புறப்படுங்கள். இல்லாவிட்டால் அவருக்கு மட்டும் இது விடுமுறையே ஆகாது.

3. எந்த ஊர்களுக்குப் போகிறது என்பதைவிட, அங்கே எப்படி நிற்கிறது

கப்பல் சில ஊர்களில் துறைமுக மேடையோடு ஒட்டி நிற்கும். சில ஊர்களில் கடலில் நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில் ஆட்களைக் கரைக்கு அனுப்பும். இந்தப் படகை "டெண்டர்" என்பார்கள். ஆடும் படகில் சக்கர நாற்காலியை இறக்கலாமா என்பதை அன்றைய அலையைப் பார்த்துக் கப்பலில்தான் முடிவு செய்வார்கள். கனமான மின்சார நாற்காலிக்குப் பெரும்பாலும் மறுப்புதான். பயண அட்டவணையில் டெண்டர் என்று இருந்தால் அந்த ஊரை அம்மாவின் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பினாங்கும் போர்ட் கிளாங்கும் ஒட்டி நிற்கும் இடங்கள். பூக்கெட்டில் பதோங் கடற்கரைக்கு எதிரே நிறுத்தும் பயணங்களில் சிறு படகுதான். கோ சாமுயியிலும் அப்படியே.

பினாங்கைத்தான் நான் முதலில் சொல்வேன். கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. லிட்டில் இந்தியாவும் குவீன் தெரு மாரியம்மன் கோயிலும் அருகில். வாகனமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கடைவீதிகளில் கடைகளின் முன்னால் உள்ள, ஐந்தடிப் பாதை எனப்படும் நடைபாதைகள் கடைக்குக் கடை ஏறி இறங்கும், தெரு ஓரமாகத்தான் தள்ளிப் போக வேண்டும். வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். அடிவாரத்தில் நின்று கும்பிட்டுக்கொள்ளலாம்.

போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூர் ஒரு மணி நேரத்துக்கு மேல். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாப் பேருந்துகளில் படிகள் உண்டு. "சக்கர நாற்காலிக்கு ஏற்றது" என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். பத்துமலைக்குப் போகாமல் தமிழ்க் குடும்பம் திரும்புமா? குகைக்கு 272 படிகள். ஆனால் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை அடிவாரத்தில் சமதளத்தில்தான் நிற்கிறது. வேன் அமர்த்திப் போவதாக இருந்தால் போக வர நெரிசலையும் கணக்கிட்டு, கப்பல் சொல்லும் கடைசி ஏறும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே துறைமுகம் திரும்பும்படி திட்டமிடுங்கள். கப்பல் காத்திருக்காது.

4. ஆவணங்கள்

பாஸ்போர்ட்: பயணம் முடியும் தேதியிலிருந்து ஆறு மாதம் செல்லுபடி வேண்டும். எல்லோருடையதையும் இன்றே எடுத்துப் பாருங்கள். குழந்தைகளுடையதுதான் ஐந்தாண்டில் முடிந்திருக்கும்.

சிங்கப்பூர் விசா: அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம், வருகைக்கு முந்தைய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர். ஏஜென்டின் கட்டணம் தனி. கப்பலில் ஏறும்போது நீங்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறுகிறீர்கள், திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். எனவே பலமுறை நுழையும் விசாவா, கடைசித் தேதி திரும்பும் நாளையும் தாண்டுகிறதா என்று அச்சிட்ட தாளில் சரிபாருங்கள்.

வருகை அட்டைகள்: சிங்கப்பூர் வருகை அட்டையை வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பி வரும்போது மற்றொன்று. இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இது இலவசம், பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல. மலேசியாவுக்கு இந்தியர்கள் 2026 டிசம்பர் 31 வரை விசா இல்லாமல் போகலாம், ஆனால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டை வேண்டும். தாய்லாந்தும் 2025 மே 1 முதல் இதுபோன்ற அட்டை கேட்கிறது. இவ்விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. கப்பல் நிறுவனம் அனுப்பும் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மருத்துவர் கடிதம்: ஆங்கிலத்தில், மருத்துவமனைத் தாளில், நோயின் பெயர், நடமாட்ட நிலை, மருந்துகளின் பொதுப்பெயர், பயணம் செய்யத் தகுதி என்ற வரி. விமானத்துக்கு, கப்பலுக்கு, கைப்பைக்கு என்று மூன்று பிரதிகள். மாற்றுத்திறனாளிகளுக்கான யு.டி.ஐ.டி. அடையாள அட்டை இருந்தால் அதன் நகலும் வையுங்கள்.

மருந்து: சிங்கப்பூருக்கு மூன்று மாதத் தேவைக்கு மிகாமல், மருந்துச் சீட்டோடு, அசல் அட்டையிலேயே கொண்டுபோங்கள். வாரப் பெட்டியில் பிரித்துப் போடுவதைக் கப்பல் ஏறிய பிறகு செய்துகொள்ளலாம். தூக்க மாத்திரைகளிலும் கடுமையான வலி மாத்திரைகளிலும் சிலவற்றுக்குச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. பக்கவாதம், முதுகுத்தண்டு நோயாளிகளின் பட்டியலில் இவை சாதாரணமாக இருக்கும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே பட்டியலைச் சரிபார்த்துவிடுங்கள்.

காப்பீடு: வெளிநாட்டுப் பயணக் காப்பீடு என்று மொத்தமாக வாங்காதீர்கள். கப்பல் பயணம் சேர்ந்திருக்கிறதா, ஏற்கெனவே உள்ள நோய்க்கு எந்த அளவு, வயது வரம்பு என்ன, கப்பலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா? கப்பல் மருத்துவர் பார்த்தால் கட்டணம் உங்கள் கப்பல் கணக்கில் டாலரில் ஏறும். முதலில் கட்டிவிட்டுப் பிறகுதான் காப்பீட்டில் கேட்டு வாங்க வேண்டும். ரசீது, நோய்க் குறிப்பு இரண்டையும் இறங்கும் முன் கேட்டு வாங்குங்கள்.

5. பணம்

அக்ஸசிபிள் அறைக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது. அதே வகைச் சாதாரண அறையின் விலைதான். யாராவது கூடுதலாகக் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

விளம்பரத்தில் வரும் தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அதன் மேல் துறைமுக வரி, ஊழியர் டிப்ஸ், இணையம், கரைச் சுற்றுலா, சிங்கப்பூரில் ஒரு இரவு ஓட்டல், டாக்சி எல்லாம் ஏறும். டிப்ஸ் ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டாலர் வரை, குழந்தைக்கும் உண்டு. ஐந்து பேர் நான்கு இரவுக்குப் போனால் 320 முதல் 400 டாலர். வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால், விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் டி.சி.எஸ். வரியும் பிடிப்பார்கள். அதன் விகிதம் அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் என்பதால் யார் பான் எண்ணில் கட்டுவது என்று யோசித்துக் கட்டுங்கள்.

முழுத் தொகையையும் பொதுவாகப் பயணத்துக்கு 75 முதல் 90 நாட்களுக்கு முன் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு ரத்து செய்தால் வெட்டு கூடிக்கொண்டே போகும். ஆகவே அறை அளவுகள் எழுத்தில் வந்து சேர வேண்டிய கடைசி நாள் அதுதான். சக்கர நாற்காலியைச் சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்துக் கப்பலுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் பழகிய நாற்காலியை விட்டுவிட்டு அம்மாவைப் புதியதில் உட்கார வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

6. விமானம்: மூன்று குறியீடுகள்

விமான நிறுவனங்கள் சக்கர நாற்காலி உதவியை மூன்றாகப் பிரிக்கின்றன. டபிள்யூ.சி.எச்.ஆர். என்றால் படி ஏறுவார், நீண்ட தூரம் நடக்க மாட்டார். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற மாட்டார், இருக்கை வரை நடப்பார். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரைக்கும் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். "வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் முதல் குறியீட்டைப் போட்டுவிடுகிறார்கள். அன்று விமானம் முனையத்தோடு இணைக்கும் பாலத்தில் நிற்காமல் திடலில் நின்றால், "ஏறுவார் என்றுதானே போட்டிருக்கிறது" என்று படிக்கட்டைக் காட்டுவார்கள். டிக்கெட்டில் எது பதிவாகியிருக்கிறது என்று விமான நிறுவனத்திடமே கேளுங்கள், புறப்பாட்டுக்கு 48 மணி நேரம் முன்பே.

சொந்த நாற்காலியை விமானக் கதவு வரை கொண்டுபோய் அங்கே ஒப்படைக்கக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. ஒப்படைக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். மெத்தை, கழற்றக்கூடிய கால் தாங்கி ஆகியவற்றைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்தோ சென்னையிலிருந்தோ சுமார் நான்கு மணி நேரம்தான். ஆனால் சின்ன விமானத்தின் கழிப்பறைக்குள் நாற்காலியிலிருந்து மாறுவது நடைமுறையில் முடியாது. டயப்பர் வேண்டுமா என்பதை அம்மாவிடம் முதல் நாளே தனியாகப் பேசிவிடுங்கள். தண்ணீர் குடிக்காமல் வருகிறேன் என்பார், விடாதீர்கள்.

கப்பல் புறப்படும் அன்று காலை விமானத்தில் போய் இறங்குவது மடத்தனம். முந்தைய நாளே சிங்கப்பூர் சேர்ந்துவிடுங்கள்.

7. ஏறும் நாள்

சிங்கப்பூரில் இரண்டு கப்பல் முனையங்கள்: மெரினா பே குரூஸ் சென்டர், ஹார்பர்ஃபிரண்டில் உள்ள சிங்கப்பூர் குரூஸ் சென்டர். டிக்கெட்டில் எது என்று பார்த்து டாக்சிக்காரரிடம் அதன் முழுப்பெயரைச் சொல்லுங்கள். மடங்காத மின்சார நாற்காலி என்றால் சரிவுப் பலகை உள்ள மேக்ஸிகேப் வண்டியை முதல் நாளே பதிவு செய்யுங்கள். எம்.ஆர்.டி. எனப்படும் நகர ரயில் நிலையங்கள் அனைத்திலும் லிப்ட் உண்டு. பெட்டிகள் குறைவாக இருந்தால் ரயிலே போதும்.

பெட்டிகளை முனையத்தில் வாங்கிக்கொள்வார்கள், மாலையில்தான் அறைக்கு வரும். மருந்து, சார்ஜர், மாற்றுடை, டயப்பர் கைப்பையில் இருக்கட்டும். வரிசையில் நின்றுவிடாமல் உதவி மேசைக்குப் போங்கள். ஏறும் சரிவுப் பாதை கடல் மட்டத்துக்கு ஏற்ப ஏறியும் தாழ்ந்தும் இருக்கும். நாற்காலியைத் தள்ளும் வேலையை ஊழியரிடம் விட்டுவிடுங்கள். கப்பல் நிறுவனம் தரும் நாற்காலி ஏறவும் இறங்கவும் மட்டும்தான். பயணம் முழுக்க வைத்துக்கொள்ளலாம் என்று நம்பி வெறுங்கையோடு வந்துவிடாதீர்கள்.

8. கப்பலுக்குள்

அறைக்குள் நுழைந்ததும் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்துவிடுங்கள். தவறு இருந்தால் கப்பல் நகரும் முன் வரவேற்பு மேசையில் நிற்க வேண்டும்.

அன்றே பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். அவசர காலத்தில் லிப்ட் ஓடாது. அம்மாவைப் படி வழியாக யார், எப்படி இறக்குவார்கள் என்று அவசரத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்தில் இருக்கும் ஊழியரிடம் கேட்டு, உதவி தேவைப்படுவோர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

நாற்காலியை நடைபாதையில் நிறுத்தக் கூடாது; அறைக்குள்தான் வைத்து சார்ஜ் செய்ய வேண்டும். நம் மூன்று முள் பிளக் பெரும்பாலும் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் பல கப்பல்களில் ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொள்கிறார்கள். கழிப்பறையில் கழுவத் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் குவளை எடுத்துப் போங்கள். இதை எந்த நிறுவனத்தின் வழிகாட்டியும் சொல்லாது.

நிகழ்ச்சி முடிந்ததும், உணவு நேரத்திலும் லிப்டில் இடமே கிடைக்காது. பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள் அல்லது கூட்டம் கலையும் வரை உட்கார்ந்திருங்கள். பஃபேயில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். கேட்டால் ஊழியர் எடுத்து வந்து தருவார். மேசை பரிமாறும் உணவகத்தில் வாசலருகே இடம் கேளுங்கள். சைவம் என்றால் பதிவு செய்யும்போதே குறிப்பிட்டிருக்க வேண்டும். நீச்சல் குளத்தில் இறக்கிவிடும் லிப்ட் சில கப்பல்களில் உண்டு, விசாரியுங்கள். அம்மாவுக்கு விருப்பமா என்பதையும்.

9. இறங்கும் நாள்

முந்தைய இரவே பெட்டிகளை வாசலில் வைக்கச் சொல்வார்கள். காலை மருந்தும் காலை உடையும் அதில் போய்விடக் கூடாது. சக்கர நாற்காலி உதவி கேட்டவர்களை ஓர் இடத்தில் கூட்டி, முறை வைத்து இறக்குவார்கள்; நேரம் பிடிக்கும். திரும்பும் விமானத்தை மாலையிலோ இரவிலோ எடுங்கள். கப்பலில் திரும்புவதற்காக நிரப்பிய இரண்டாவது சிங்கப்பூர் வருகை அட்டையைக் கைபேசியில் எடுத்து வைத்திருங்கள்.

ஊர் விமான நிலையத்தில் நாற்காலி கைக்கு வந்ததும் அம்மாவை உட்கார வைக்கும் முன் சக்கரம், பிரேக், கால் தாங்கி மூன்றையும் பாருங்கள். சேதம் இருந்தால் அங்கேயே விமான நிறுவனத்தின் மேசையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, எண்ணிட்ட நகலை வாங்குங்கள். வெளியே வந்துவிட்டால் அந்தச் சேதம் வீட்டில் ஏற்பட்டது என்றுதான் சொல்வார்கள்.